மூன்று வீட்டுக்கும் ஒரே பியூஸ்

ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் ஆக வேண்டுமென்றால் முதலில் பக்கத்து வீடு வேண்டும். மாப்பிள்ளை, பவுன், மண்டபம் எல்லாம் அதற்கப்புறம்தான். மாப்பிள்ளை வீட்டார் நம் வீட்டில் உட்கார்ந்து காபி குடிப்பது சும்மா ஒரு மரியாதைக்கு. உண்மையான விசாரணை பக்கத்து வீட்டில்தான் நடக்கும். பெண் எப்படி, அம்மாவின் வாய் எப்படி, அப்பா ஷிப்ட் முடிந்து நேராக வீட்டுக்கு வருகிறாரா, வழியில் எங்காவது ஒதுங்குகிறாரா என்பதையெல்லாம் பக்கத்து வீடு சொன்னால்தான் நம்புவார்கள். எனக்குக் கல்யாண வயது வந்து, அதையும் தாண்டிக் கொஞ்ச தூரம் போய்விட்ட அந்தக் காலத்தில், எங்களுக்குப் பக்கத்து வீடு இல்லை. எதிர் வீடு, பின் வீடு, அடுத்த தெரு எதுவும் இல்லை. அதாவது வீடுகள் இருந்தன. ஆள்தான் இல்லை.

நெய்வேலி டவுன்ஷிப்பில் நாங்கள் இருந்தது பழைய பிளாக். குவார்ட்டர்ஸ் எல்லாம் வயதாகிவிட்டன, இனி பூசி மெழுகிப் பிரயோஜனமில்லை என்று முடிவாகி, இருந்தவர்களுக்கு வேறு பிளாக்குகளில் வீடு கொடுத்தார்கள். ஒவ்வொரு குடும்பமாகக் கட்டிலையும் பீரோவையும் ஏற்றிக்கொண்டு கிளம்பியது. ஆள் போன வீட்டில் முதலில் ஜன்னல் கதவு காணாமல் போகும். பிறகு ஜன்னலே காணாமல் போகும். அதற்குப் பிறகு கூரையில் ஒரு அரசங்கன்று எட்டிப் பார்க்கும். எங்கள் ஸ்டாப்பில் கம்பெனி பஸ் அப்பா ஒருவருக்காகத்தான் நின்றது. கொஞ்ச நாளில் டிரைவர் நிறுத்துவதை விட்டுவிட்டு வேகத்தை மட்டும் குறைத்தார். அப்பாவும் அந்த வயதில் ஓடி ஏறக் கற்றுக்கொண்டார்.

எங்களுக்கும் வேறு பிளாக்கில் வீடு அலாட் ஆகியிருந்தது. அப்பாதான் நகரவில்லை. அவர் பிறந்த ஊர் மைன்ஸுக்குப் போன ஊர்களில் ஒன்று. இன்று அது ஒரு பெரிய பள்ளம். அந்த ஊரிலிருந்து முதலில் வண்டி கட்டிக் கிளம்பியது அப்பாவின் குடும்பம். அதை உறவுக்காரர்கள் மறக்கவே இல்லை. கல்யாணத்தில் பார்த்தாலும் சரி, கருமாதியில் பார்த்தாலும் சரி, "மொத ஆளா ஓடினவங்க" என்று சொல்லிக் காட்டுவார்கள். ஆகவே இந்தத் தடவை கடைசி ஆளாகத்தான் போவேன் என்று அப்பாவுக்கு ஒரு வீம்பு. ரிட்டையர்மென்ட்டுக்குக் கொஞ்ச காலம்தானே இருக்கிறது, அதுவரை இங்கேயே இருந்துவிடலாம் என்பார். யாரிடம் இந்த வீம்பு என்று அம்மா கேட்டால், பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொள்வார்.

உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால் ஆரம்பத்தில் நாங்கள் ஜமீன்தார் மாதிரிதான் வாழ்ந்தோம். பக்கத்துத் தெருவின் மாமரங்கள் எங்களுடையவை. ஒரு வீட்டில் அம்மா வடகம் காயவைத்தாள். இன்னொரு வீட்டில் புளி. நான் ஒரு தனியார் பள்ளியில் டீச்சர். சாயந்திரம் டியூஷன் எடுப்பேன். ஆறாம் வகுப்புக்கு ஒரு வீடு, ஏழாம் வகுப்புக்கு ஒரு வீடு, சேட்டை செய்கிற பையனைத் தனியாக உட்காரவைக்க ஒரு வீடு. இப்படி வசதியான பள்ளிக்கூடம் மாவட்டத்திலேயே இருந்திருக்காது. ஒருநாள் ஏழாம் வகுப்பில் ஒரு சாரைப்பாம்பு வந்து உட்கார்ந்தது. மறுநாளிலிருந்து பாம்பைத் தவிர யாரும் வரவில்லை.

வரன்களும் அப்படித்தான் நின்றன. முதலில் வந்த மாப்பிள்ளை வீட்டார் காரில் எங்கள் பிளாக்கை ஒரு சுற்று சுற்றினார்கள். விசாரிக்க ஆள் தேடியிருக்கிறார்கள். கிடைத்தது இரண்டு மாடும் ஒரு கீரியும். மெயின் ரோட்டுக்குப் போய் அங்கிருந்து போன் செய்து, ஜாதகத்தில் ஏதோ சரியில்லை என்று ஜோசியர் இப்போதுதான் சொன்னதாகச் சொன்னார்கள். காருக்குள் எந்த ஜோசியர் இருந்தார் என்று நான் கேட்டேன். அம்மா என் வாயைப் பொத்தினாள். செய்து வைத்த கேசரியை நாங்கள் மூவரும் மூன்று வேளை சாப்பிட்டோம். எனக்குச் சிரிப்பாகவும் இருந்தது, அவமானமாகவும் இருந்தது.

அடுத்து வந்தது நெல்லிக்குப்பத்து வரன். மாப்பிள்ளைக்குச் சர்க்கரை ஆலையில் கெமிஸ்ட் வேலை. மாப்பிள்ளையின் அப்பா பிறந்து வளர்ந்தது கோலார் பக்கம், தங்கச் சுரங்கத்துத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் என்று தரகர் சொன்னார். அம்மாவுக்கு அன்று முழுக்கப் படபடப்பு. தங்கம் தோண்டின வீட்டுக்காரர்கள் எத்தனை பவுன் கேட்பார்களோ என்று புலம்பினாள். அப்பா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "நான் இத்தனை வருஷமா நிலக்கரியில வேலை பாக்கறேன். நம்ம வீட்ல எத்தனை மூட்டை கரி இருக்கு?" என்று கேட்டார்.

எனக்கு இந்த வரன் வேண்டியிருந்தது. இதைச் சுற்றிவளைத்துச் சொல்ல விருப்பமில்லை. மாப்பிள்ளை இரண்டு தடவை போனில் பேசியிருந்தார். உங்கள் பிளாக்கில் எத்தனை பேர் என்று சும்மா பேச்சுக்குக் கேட்டார். மூன்று பேரும் ஒரு கீரியும் என்றேன். அவர் சிரித்த சிரிப்பு நன்றாக இருந்தது. நான் வேடிக்கையாகச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு சிரித்தார். இந்த மனிதர் வந்து பார்த்துவிட்டு ஜாதகம் சரியில்லை என்று போய்விட்டால் என்ன செய்வது என்று எனக்கு முதல்முறையாகப் பயம் வந்தது.

மாப்பிள்ளையின் அம்மா கறாரான ஆள் என்றும் தரகர் சொல்லி வைத்தார். அக்கம்பக்கத்தில் விசாரிக்காமல் பேச்சை மேலே எடுக்கமாட்டார்களாம். காபி மட்டும் குடிப்பார்களாம். மனசுக்குத் திருப்தியானால்தான் பெண் வீட்டில் கை நனைப்பார்களாம். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பார்கள். இவர்கள் ஆலை உள்ள ஊர்க்காரர்கள், இலுப்பைப்பூவைக் காட்டி ஏமாற்ற முடியாது. அம்மா ஒரு ராத்திரி யோசித்தாள். காலையில் எழுந்து, "பக்கத்து வீடு இல்லைன்னாதானே பிரச்சனை. கூட்டிக்கினு வந்துடறேன்" என்றாள். இருபது வருஷம் டவுன்ஷிப் தமிழ் பேசிய அம்மாவுக்கு, ஆவேசம் வந்தால் மட்டும் பிறந்த வீட்டுப் பேச்சு வந்துவிடும்.

திட்டம் இதுதான். பக்கத்து வீட்டுக்காரர்களும் எதிர் வீட்டுக்காரர்களும் ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் தங்கள் பழைய வீட்டுக்கே திரும்பி வந்து, இன்னும் அங்கேயே குடியிருப்பதுபோல் இருக்க வேண்டும். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் செய்யலாம் என்று பெரியவர்கள் சொன்னதை அம்மா சட்டப்புத்தகமாக எடுத்துக்கொண்டாள். எதிர் வீட்டு மாமா அப்பாவின் ஷிப்ட்காரர். அவர் கேட்ட உடனே ஒப்புக்கொண்டார், கொஞ்சம் அதிகமாகவே சந்தோஷப்பட்டார். சிக்கல் பக்கத்து வீட்டு ஆன்ட்டியிடம்தான்.

ஆன்ட்டிக்கும் அம்மாவுக்கும் இரண்டு வருஷமாகப் பேச்சு இல்லை. காரணம் ஒரு முருங்கை மரம். மரம் எங்கள் பக்கம், கிளை அவர்கள் பக்கம். கிளையில் காய்க்கிற காய் யாருடையது என்பதில் தொடங்கி, யார் வீட்டுக் கம்பளிப்பூச்சி யார் வீட்டுத் துணியில் ஏறியது என்பது வரை போய், ஒருநாள் அப்பா கிளையை வெட்டிப்போட்டதும் இரு வீட்டுக்கும் நடுவே வாசல் கோலம்கூட முகம் திருப்பிக்கொண்டது. அவர்கள் வேறு பிளாக்குக்குப் போன அன்று ஆன்ட்டி சொல்லிக்கொள்ளாமல் போனார். அம்மா ஜன்னல் வழியாக லாரியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அன்று மத்தியானம் தலைவலி என்று சாப்பிடவில்லை.

அந்த ஆன்ட்டியைத் தேடி அம்மா பஸ் ஏறிப் போனாள். என்ன பேசினாள் என்று எங்களிடம் சொல்லவில்லை. அம்மா வாசலில் நின்று என்னென்னவோ சுற்றி வளைத்ததாகவும், தான் பாதியில் நிறுத்தி, "என் வூட்டுக்கு நான் வர்றதுக்கு நீ எதுக்கு கெஞ்சற? வரேன் போ" என்று சொன்னதாகவும் ஆன்ட்டி பின்னால் என்னிடம் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே ஆன்ட்டி வந்துவிட்டார். சாயந்திரம் வந்தால் போதும் என்றுதான் பேச்சு. துடைப்பம், பினாயில், பெரிய குண்டான், இரண்டு விறகுக் கட்டு, துணியில் சுற்றிய மாதா படம் என்று ஆட்டோ நிறையச் சாமானுடன் இறங்கினார். தன் வீட்டைப் பார்த்ததும் இடுப்பில் கைவைத்து நின்று, நாங்கள்தான் அதை அப்படி ஆக்கிவிட்டதுபோல் என்னையும் அம்மாவையும் திட்டினார். பிறகு பெருக்க ஆரம்பித்தார். முன்னறையை மட்டும் பெருக்கினால் போதும் என்று அம்மா சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை. மாதா படத்தைப் பழைய ஆணியிலேயே மாட்டினார். சுவரில் வெளுத்திருந்த சதுரத்தில் படம் அச்சாகப் பொருந்தியது. அதற்குப் பிறகு ஆன்ட்டி கொஞ்ச நேரம் யாரையும் திட்டவில்லை.

காலி வீடுகளுக்குக் கரண்ட் எப்போதோ துண்டிக்கப்பட்டிருந்தது. அதை அப்பா பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். அப்பா மைன்ஸில் கன்வேயர் பெல்ட் பார்ப்பவர். ஆனால் கரண்ட் விஷயத்தில் அவருக்கு இருந்த தன்னம்பிக்கை, கரண்ட் வேலை செய்கிறவர்களுக்கே இருக்காது. எங்கள் வீட்டிலிருந்து ஒயர் இழுத்து, முருங்கை மரத்தில் ஒரு சுற்று சுற்றி ஆன்ட்டி வீட்டுக்கு ஒன்று, ரோட்டைத் தாண்டி எதிர் வீட்டுக்கு ஒன்று கொடுத்தார். ஆளுக்கு ஒரு பல்புதான், வேறு எதையும் சொருகக்கூடாது என்று எல்லோரிடமும் சொன்னார். கொடிகளில் துணி காயப்போட்டோம். எங்கள் துணிகளையே மூன்று வீட்டுக்கும் பங்கு வைத்ததில், அப்பாவின் கட்டம்போட்ட லுங்கி ஒன்று ஆன்ட்டி வீட்டுக் கொடியில் தொங்கியது. கடைசி நேரத்தில் அதைப் பார்த்த அம்மா ஓடிப்போய் உருவினாள்.

பொழுது சாயும் நேரத்தில் வந்தார்கள். மாப்பிள்ளை, அவர் அப்பா, அம்மா. தெருவில் ஒரு வீட்டில் விளக்கு, எதிர் வீட்டு வாசலில் ஒரு மனிதர், பக்கத்து வீட்டிலிருந்து சாம்பார் வாசனை. எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. சாம்பார் யாருடைய திட்டத்திலும் இல்லை. அடுப்பு எரியாத வீட்டை எந்தப் பெண்பிள்ளை நம்புவாள் என்று சொல்லி, ஆன்ட்டி கொல்லையில் கல்லைக் கூட்டி விறகு அடுப்பில் நிஜமாகவே சமைத்துக்கொண்டிருந்தார்.

காபி கொடுத்தேன். மாப்பிள்ளை என்னைப் பார்த்தார், பிறகு மூலையெல்லாம் பார்த்தார். கீரியைத் தேடுகிறார் என்று எனக்குப் புரிந்தது. முகத்தை இறுக்கிக்கொண்டு தட்டுடன் உள்ளே வந்துவிட்டேன். மாப்பிள்ளையின் அம்மா, கொல்லைப்பக்கம் போய்விட்டு வருகிறேன் என்று எழுந்தார். அந்தக் கொல்லைப்பக்கம் எதற்கு என்று உலகத்துக்கே தெரியும். சமையலறை ஜன்னல் வழியாக நான் பார்த்தேன். மதிலுக்கு இந்தப் பக்கம் ஒரு தலை, அந்தப் பக்கம் ஆன்ட்டியின் தலை. ஆன்ட்டி கையை ஆட்டி ஆட்டிப் பேசினார். ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. அம்மாவோடு இரண்டு வருஷம் பேசாத ஆள், கையை அப்படி ஆட்டினால் என்ன சொல்வார் என்று நினைத்துக்கொண்டே, கழுவாத தட்டைத் துடைத்து அலமாரியில் வைத்தேன்.

முன்னறையில் பேச்சு கரண்டுக்கு வந்திருந்தது. தமிழ்நாடே பாதி நாள் இருட்டில் கிடந்த வருஷங்கள் அவை. நெல்லிக்குப்பத்தில் ஒரு மணி நேரம் இருந்தால் ஒரு மணி நேரம் போய்விடுகிறது என்று மாப்பிள்ளையின் அப்பா சொன்னார். எங்கள் அப்பா நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். "இங்க போகவே போகாதுங்க. எல்லாருக்கும் இங்கேருந்துதானே போகுது" என்றார். அனல்மின் நிலையத்து இயந்திரத்தை அவரே காலையில் எழுந்து சுற்றிவிடுவதுபோல் ஒரு பெருமை அந்தக் குரலில்.

அப்பா வாயை மூடினாரோ இல்லையோ, விளக்கு போனது.

எங்கள் வீட்டில் மட்டுமல்ல. ஆன்ட்டி வீட்டிலும் எதிர் வீட்டிலும் ஒரே நொடியில். எதிர் வீட்டு மாமா இஸ்திரிப்பெட்டியைச் சொருகியிருந்தார். ஆம்பளை சும்மா உட்கார்ந்திருந்தால் வேலைவெட்டி இல்லாதவன் என்று நினைத்துவிடுவார்களே, அது பெண் வீட்டுக்குத்தானே கெட்ட பெயர் என்பது பின்னால் அவர் சொன்ன விளக்கம். மாப்பிள்ளையின் அப்பா எழுந்து வாசலுக்குப் போனார். தெருவிளக்கு ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தது. அதன் வெளிச்சத்தில் மூன்று வீடுகள் மட்டும் இருட்டாக நின்றன. ரோட்டைத் தாண்டிப் போகிற ஒயரும் நன்றாகத் தெரிந்தது. அப்பா டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு பியூஸ் கட்டையைப் பிடுங்கி, கம்பியை மாற்றிச் சொருகினார். மூன்று வீட்டிலும் சேர்ந்தாற்போல் விளக்கு வந்தது. எதிர் வீட்டு வாசலில் மாமா கையில் இஸ்திரிப்பெட்டியோடு நின்றார்.

"மூணு வீட்டுக்கும் ஒரே பியூஸுங்களா?" என்று மாப்பிள்ளையின் அப்பா கேட்டார்.

லைன்ல ஏதோ கோளாறு என்று அம்மா ஆரம்பித்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்கள் உண்டு, ஒரு முழு பிளாக்கை மறைக்கப் பார்த்தவர்கள் நாங்கள்தான். அப்பா கையைக் காட்டி அம்மாவை நிறுத்தினார். இந்த பிளாக்கில் நாங்கள் ஒரு குடும்பம்தான், இவர்கள் எல்லாம் எனக்காக வந்தவர்கள், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். லுங்கி விஷயத்தைக்கூட விடவில்லை. நான் கதவோரம் நின்றேன். முடிந்தது என்று நினைத்தேன். அழுகை வந்தது. கேசரியை இன்னும் மூன்று வேளை சாப்பிட வேண்டுமே என்று நினைத்ததில் அழுகை இன்னும் அதிகமானது.

மாப்பிள்ளையின் அப்பா வாசற்படியில் உட்கார்ந்தார். தெருவில் இருட்டாகக் கிடந்த மற்ற வீடுகளை ஒருமுறை பார்த்தார்.

"எங்க லைன்லயும் கடைசியா நாங்கதாங்க" என்றார். "தங்கம் கொறஞ்சுபோச்சு, ஆளுங்க போயிட்டாங்க. என் தங்கச்சிய பொண்ணு பாக்க வந்தவங்க, விசாரிக்க ஒரு ஆள் இல்லைன்னு தண்ணிகூடக் குடிக்காம திரும்பிட்டாங்க. எங்கம்மாவுக்கு இந்த மாதிரி விளக்கு போடணும்னு தோணாமப் போச்சுங்க."

அப்பா அவர் பக்கத்தில் போய்ப் படியில் உட்கார்ந்தார். இருவரும் சம்பந்தம் பேச வந்தவர்கள் மாதிரி இல்லை, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி இருந்தார்கள். ஆனால் முடிவு சொல்ல வேண்டியது அவர் இல்லை என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். மாப்பிள்ளையின் அம்மா கொல்லையிலிருந்து வந்தார். நடந்ததை மாப்பிள்ளை சுருக்கமாகச் சொன்னார். அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு எங்கள் அம்மாவிடம், "பக்கத்து வீட்ல முருங்கைக்கா சாம்பார் கொதிக்குது. எனக்குப் பசிக்குதுங்க. சாப்ட்டுட்டே போயிடறோம்" என்றார்.

எங்கள் வீட்டில் சாப்பாடே இல்லை. கை நனைக்கமாட்டார்கள் என்று சொன்னதால் அம்மா கேசரியும் பஜ்ஜியும் மட்டும்தான் செய்திருந்தாள். ஆகவே எல்லோரும் ஆன்ட்டி வீட்டில் சாப்பிட்டோம். ஜன்னல் இல்லாத அந்த முன்னறையில், மாதா படத்துக்குக் கீழே, வரிசையாகத் தரையில் உட்கார்ந்து. எங்கள் தட்டு, ஆன்ட்டியின் சோறு, சண்டை மரத்துக் காய். பரிமாறும்போது ஆன்ட்டி அம்மாவின் தட்டில் மட்டும் அதிகமாக இரண்டு காய் போட்டார். அம்மா நிமிர்ந்து பார்க்காமல், "உப்பு கம்மி" என்றாள். இரண்டு வருஷத்துக்குப் பிறகு, காரியத்துக்காக அல்லாமல் ஆன்ட்டியிடம் அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான். மாப்பிள்ளை எனக்கு மட்டும் கேட்கும்படி, கீரி எங்கே என்றார். சண்டே லீவு என்றேன். இந்தத் தடவை வேடிக்கை என்று தெரிந்தே சிரித்தார்.

கல்யாணம் முடிந்த சில மாதங்களில் அப்பா ரிட்டையர் ஆனார். காலி செய்கிற அன்று நானும் போயிருந்தேன். லாரியில் எல்லாம் ஏற்றி, எங்களையும் வெளியே அனுப்பி, கதவைப் பூட்டிவிட்டு, கடைசி ஆளாக அப்பா ரோட்டுக்கு வந்து நின்றார். சொல்லிக் காட்டிய உறவுக்காரர்கள் எல்லோரும் எதிரில் நிற்பதுபோல் ஒரு நிமிர்வு. லாரி கிளம்பும்போது, "இருங்க இருங்க" என்று கொல்லையிலிருந்து ஒரு குரல் வந்தது. உதவிக்கு வந்திருந்த ஆன்ட்டி, முருங்கைக் கிளை ஒன்றை ஒடித்து எடுத்துக்கொண்டு மூச்சிரைக்க ஓடி வந்தார். அப்பா லாரியில் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

மதிலோரத்தில் அன்று ஆன்ட்டி என்ன சொன்னார் என்பது எனக்கு ரொம்ப நாள் தெரியாது. ஒருநாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது மாமியாரிடம் கேட்டேன். அவர் ஆன்ட்டியைப் போலவே கையை ஆட்டிச் சொல்லிக் காட்டினார்.

"அந்த வூட்டம்மாகூட எனக்கு ரெண்டு வருசமா பேச்சு இல்லீங்க. வாய் அப்பிடி. பொண்ணுக்கும் அதே வாய்தான், நான் மறைக்க மாட்டேன். ஆனா புது பிளாக்ல எல்லாரும் கதவ சாத்திக்கினு இருக்கறாங்க. சண்ட போடக்கூட ஒரு ஆள் இல்லீங்க எனக்கு. இந்தப் பொண்ணு கத்தற சத்தம் கேக்காம சோறே எறங்கல."

பியூஸ் போகும் முன்பே சண்டைக்காரியே இப்படிச் சொன்ன பிறகு வேறு யாரை விசாரிப்பது என்று சொல்லிவிட்டு, மாமியார் கீரையைத் தொடர்ந்து ஆய்ந்தார். எனக்குக் கொஞ்ச நேரம் கண் சரியாகத் தெரியவில்லை. தண்டோடு சேர்த்து ஆய்கிறேன் என்று திட்டினார்.

அம்மாவும் ஆன்ட்டியும் இப்போது டவுன்ஷிப்புக்கு வெளியே அடுத்தடுத்த வாடகை வீடுகளில் இருக்கிறார்கள். ஆன்ட்டிக்குப் பக்கத்து வீடுதான் வேண்டும் என்று அம்மா பிடிவாதம் பிடித்துக் குடிபோனாள். கொண்டுவந்த கிளையை இரண்டு வீட்டுக்கும் நடுவில் நட்டார்கள். அது நன்றாகத் தழைத்துக் காய்க்கிறது. போன மாதத்திலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை.